கொல்லிமலையில் ஒரு டேரா

வந்த இடத்தை விட்டு லேசில் நகராத விருந்தாளியைப் பற்றி, "டேரா போட்டுவிட்டார்" என்று நம் வீடுகளில் சொல்லுவதுண்டு. இந்த வசனத்தை உண்டாக்கியவர் தம் வாழ்நாளில் டேராவுக்குள் ஓர் இரவும் தங்கியிருக்கமாட்டார் என்பது எங்கள் அபிப்பிராயம். டேராவைப் போல நிலையற்ற வஸ்து இவ்வுலகில் வேறொன்றும் இல்லை. 2022-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், கொல்லிமலையில், இரவு ஒரு மணி சுமாருக்கு இந்த உண்மையை நாங்கள் பூரணமாக உணர்ந்தோம்.

நாங்கள் என்றால் ஐந்து பேர். திருச்சிராப்பள்ளியில் உத்தியோகம் பார்க்கும் தம்பதிகள் இருவர். 11 வயதுப் பெண் ஒருத்தி. 6 வயதுப் பையன் ஒருவன். 72 வயதான எங்கள் அம்மா. இந்த ஐவரில், மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கவேண்டுமென்று முதலில் ஆசைப்பட்டவர் யார் என்று கேட்டால் வாசகர்கள் பையனைத்தான் சொல்வார்கள். அதுதான் இல்லை. ஆசைப்பட்டவர் அம்மா. சிறு பிராயத்தில், அறுவடைக் காலங்களில், களத்துமேட்டிலே நெல்லுக்குக் காவலாகத் தம் தகப்பனாரோடு வெட்டவெளியில் படுத்திருந்தவர் அவர். "வானத்தைப் பார்த்துக்கொண்டு தூங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது" என்று ஒருநாள் இரவு சாப்பாட்டின்போது சொன்னார். மொட்டை மாடியில் படுக்கலாமே என்றோம். "அங்கே வானம் எங்கே இருக்கிறது? நாலு பக்கமும் விளக்குத்தான் இருக்கிறது" என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

ஆகவே ஒரு கூடாரம் வாங்கினோம். எப்படி வாங்கினோம் என்பதைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. பையின் மேல் "4 பேருக்கு" என்று அச்சிட்டிருந்தது. எங்களில் இரண்டு பேர் குழந்தைகள். இரண்டு குழந்தைகள் சேர்ந்தால் ஒரு பெரிய மனிதர். ஆகவே கணக்குச் சரி. விலையும் சகாயம். நிறமோ மயில் கழுத்து நீலம். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

*

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. மேலே போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நட்டிருக்கிறார்கள். பையன் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டு வந்தான். முப்பதுக்குமேல் அவன் குரல் மெலிந்தது. நாற்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி அவனுக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மேலே சென்றதும் அந்தக் கஷ்டமெல்லாம் மறந்துபோகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேற்பட்ட பூமி அது. சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அவற்றைத் தழுவிக்கொண்டு மிளகுக்கொடிகள் ஏறியிருக்கின்றன. கீழே காப்பிச் செடிகள். நடு நடுவே வாழையும் பலாவும் அன்னாசியும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது என்பதைச் செம்மேட்டில் நிற்கும் அவனுடைய சிலை நினைவூட்டுகிறது. அறப்பளீசுவரரைத் தரிசித்தோம். கோவிலுக்கு அப்பால் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை, ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அம்மாவால் அத்தனை படி இறங்க முடியாது. அவரும் பேத்தியும் மேலேயே உட்கார்ந்து, அருவியின் ஓசையை மட்டும் கேட்டுத் திருப்தியடைந்தார்கள்.

நண்பர் ஒருவருக்கு அங்கே மிளகுத் தோட்டம் இருக்கிறது. அதில்தான் கூடாரம் அடிக்க அநுமதி பெற்றிருந்தோம். இந்த அநுமதி விஷயத்தை வாசகர்கள் அற்பமாக நினைக்கக் கூடாது. வனத்துறையின் காட்டுக்குள் அநுமதியில்லாமல் தங்குவது குற்றம். குற்றம் என்பது இருக்கட்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கோடையில் காய்ந்த புல் எப்படிப் பற்றும் என்பதை அறிந்தவர்கள் காட்டிலாகாவினரும் மலைவாசிகளுமே. அவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் குழந்தைகளோடு இரவு தங்குவது தைரியம் ஆகாது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர். நாங்கள் பெரிய பலாமரம் ஒன்றின் அடியில் கூடாரப் பையை அவிழ்த்ததும் ஓடி வந்தார். "இப்போது காய் இல்லை, வாஸ்தவந்தான். ஆனால் மரத்தடியில் படுக்காதீர்கள். காற்றில் கிளை விழும். மழை நின்றாலும் மரம் நிற்காது" என்றார். மழை ஓய்ந்த பிறகும் இலைகளிலிருந்து நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும் என்பதை அவர் அப்படிச் சொன்னார். அந்த ஒரு புத்திமதியை ஏற்றுக்கொண்டோம். "அங்கே பள்ளமாயிருக்கிறது, மேட்டுக்கு வாருங்கள்" என்று அவர் சொன்ன இரண்டாவது புத்திமதியைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளமாயிருந்த இடத்தில் மண் மெத்தென்று இருந்தது. முதுகுக்கு இதமாக இருக்குமே என்று எண்ணினோம்.

*

அன்றிரவு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

கூடாரத்தின் வாசல் எங்கள் இடுப்பளவு உயரம்கூட இல்லை. முழங்கால் வலியுள்ள அம்மா தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டியிருந்தது. நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் இரவில் ஒருமுறை வெளியே போய்வர அவரை இரண்டு பேர் கைபிடித்துத் தூக்கவேண்டி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேரும் ஒருக்களித்துப் படுத்தால்தான் இடம் போதும். ஒருவர் திரும்பினால் ஐவரும் திரும்ப வேண்டும். ஒரு மணிக்கு மழை வந்தது. ஐப்பசி மழை, சொல்ல வேண்டுமா? முதலில் தையல்களின் வழியே முத்து முத்தாகத் துளிர்த்தது. பிறகு துணியே கசிந்தது. கடைசியில் தரையிலிருந்து தண்ணீர் வந்தது. அம்மா ஓரத்தில் படுத்திருந்தார். குழந்தைகள் நனையக் கூடாது என்று தம்முடைய போர்வையை அவர்கள்மேல் போட்டுவிட்டு, சொல்லாமல் நனைந்துகொண்டிருந்தார். நாங்கள் கண்டுபிடித்தபோது அவர் புடவை முழுவதும் ஈரம். விடியும் வரையில் மோட்டார் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பிய பின் பத்து நாள் இருமல். டாக்டர் பயப்படவேண்டியதில்லை என்றார். இருமல் நின்றது. ஆனால் அடுத்த விடுமுறையில் எங்கேயாவது போகலாமென்று பேச்செடுத்தபோது அம்மா, "குழந்தைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் போய் வாருங்கள், அப்பா. நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எங்களை உறுத்தியது. ஒரு தடவை வேண்டாம் என்றவர் பிறகு எல்லாவற்றுக்குமே வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள்வார்; வீட்டில் முதியவர் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

*

தோல்விக்குக் காரணம் என்ன என்று ஆராயத் தொடங்கினோம். பாதிக் குற்றம் கூடாரத்தினுடையது, பாதி எங்களுடையது.

பையின் மேல் 4 என்று போட்டிருப்பது, நான்கு பேர் பாயோடு பாய் ஒட்டி, அசையாமல், மூட்டை முடிச்சு ஏதுமின்றிப் படுத்தால் கொள்ளும் என்ற கணக்காம். தூக்கத்தில் கைகாலை வீசும் பையனை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆட்களின் எண்ணிக்கையோடு ஒன்றோ இரண்டோ கூட்டி வாங்குவதே உசிதம். ஐந்து பேருக்கு 6 போதும் என்பது சிக்கனம். 7, 8 என்றால் சௌகரியம்.

அடுத்தது மழை. எங்கள் நீலக் கூடாரத்தில் உச்சியில் மட்டும் தொப்பி போல் ஒரு சிறு மேல்துணி இருந்தது. பக்கங்களில் ஒற்றைத் துணிதான். நல்ல கூடாரம் இரட்டை அடுக்கு உடையது. உள்ளே காற்றுப் புகும் துணியும் கொசுவலையுமாக ஒரு கூடு. அதன்மேல், சற்று இடைவெளி விட்டு, தரை மட்டும் இறங்கும் மழைத் துணி. இந்த இடைவெளிதான் சூட்சுமம். ஐந்து பேர் இரவு முழுவதும் விடும் மூச்சில் எவ்வளவோ ஈரம் இருக்கிறது. அது குளிர்ந்த துணியில் பட்டு வியர்த்து நீராகிறது. இரட்டை அடுக்கிருந்தால் அந்த வியர்வை வெளித்துணியில் நிற்கும். ஒற்றை அடுக்கானால் நம் தலையில் சொட்டும். அனுபவமில்லாதவர்கள் அதையும் ஒழுகல் என்று எண்ணி, இருக்கிற காற்றுவழிகளையெல்லாம் அடைப்பார்கள். இன்னும் அதிகமாகச் சொட்டும்.

துணி எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வந்ததும் அது கசியத் தொடங்குகிறதோ அதுவே அந்த அளவு. 1,500 மில்லிமீட்டர் இருந்தால் சாதாரண மழைக்குப் போதும். எங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு 3,000 இருந்தால் மனம் நிம்மதியாயிருக்கும். தரைத் துணிக்கு அதைவிட அதிகம் தேவை. ஏனென்றால் நம் முழங்காலும் முழங்கையும் ஈரத் தரையில் துணியை அழுத்துகின்றன. துணி எவ்வளவு உசத்தியானாலும் தையல் ஓட்டைகளின் மேல் நாடா ஒட்டியிராவிட்டால் பிரயோசனமில்லை. கடையிலேயே துணியைத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்துவிடலாம்.

இனி எங்கள் குற்றம். ஈரம் ஏறக் கூடாது என்று கூடாரத்தின் கீழே பெரிய தார்ப்பாய் ஒன்றை விரித்திருந்தோம். அது நான்கு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெய்த மழையெல்லாம் அந்த ஓரத்தில் விழுந்து, தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் நடுவே ஓடிவந்து தேங்கியது. ஈரத்தைத் தடுக்க வைத்ததே குளம் கட்டிவிட்டது! அடிவிரிப்பு கூடாரத்தின் விளிம்புக்கு உள்ளேயே மடங்கியிருக்க வேண்டும். பெரியவர் சொன்ன மேட்டைப் பற்றி நாங்கள் மறுபடி சொல்லத் தேவையில்லை.

*

எதிர்வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கித்தான் கூடாரத்தைத் தவிர மற்றதெல்லாம் குடைத் துணி. கித்தானின் பெருமையை நாங்கள் மறுக்கவில்லை. நனைந்தால் நூல் பருத்துத் தானே இறுகிக்கொள்ளும். வெயிலில் சற்றுக் குளிர்ச்சியாயிருக்கும். பல வருஷம் உழைக்கும். ஆனால் ஒரு குடும்பத்துக் கித்தான் கூடாரம் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். நனைந்துவிட்டால் கேட்க வேண்டாம். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் ஜில்லாவைச் சுற்றிய காலத்தில் இரண்டு செட் கூடாரம் வைத்திருந்தார்களாம். துரை ஒன்றில் தூங்கும்போதே மற்றொன்று மாட்டு வண்டியில் அடுத்த ஊருக்குப் போய்விடும். இன்றும் அதிகாரிகளின் கடிதங்களில் "முகாம்" என்று ஊர்ப் பெயர் போடுவது அந்தக் காலத்து வாசனைதான். எங்களுக்கோ மாட்டு வண்டியும் இல்லை, டவாலிச் சேவகர்களும் இல்லை.

பெண்ணுக்கு வேறொரு கோரிக்கை இருந்தது. 11 வயதாகிறது, உடை மாற்ற மறைவு வேண்டும். இரண்டு அறையுள்ள கூடாரம் உண்டா என்று கேட்டாள். இது புதுநாகரிகம் என்று நினைக்கவேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், 103 அடிகளே கொண்ட அந்தச் சிறு நூலில், நப்பூதனார் ஒரு பாசறையை வருணிக்கிறார். அதில் அரசன் தங்கும் இடம் இரண்டு அறை உள்ளது. உறுதியான கயிற்றில் திரை கட்டி அறை வகுத்திருக்கிறார்கள். யவனர் அதற்குக் காவல். ஏறத்தாழ அதே ஏற்பாடுதான் இன்றும் விற்கிறது, யவனர்கள் நீங்கலாக.

கடைக்கு அம்மாவையும் அழைத்துப் போனோம். வரமாட்டேன் என்றவரை, "வாங்குவதற்கல்ல, பார்ப்பதற்குத்தான்" என்று சொல்லி அழைத்தோம். கடைக்காரர் எடுத்தவுடன், "எத்தனை பேர்?" என்றார். ஐந்து என்றோம். பிறகு அவர் அம்மாவைப் பார்த்து, "அம்மா வருகிறார்களா?" என்று கேட்டார். நாங்கள் பேசாமலிருந்தோம். "அம்மா வருகிறதானால் வேறு கூடாரம், வரவில்லையானால் வேறு" என்றார். அவர் வியாபாரி மட்டுமல்ல, விவேகி.

மூன்று ஜாதிக் கூடாரங்களை விரித்துக் காட்டினார். கவிழ்த்த சட்டி போன்றது ஒன்று. முளை அடிக்காமலே தன் காலில் நிற்கும், காற்றைத் தாங்கும். ஆனால் நடுவில்தவிர மற்ற இடங்களில் தலை இடிக்கும். சுரங்கம்போல் நீண்டது ஒன்று. எடைக்கு இடம் தாராளம். ஆனால் முளையும் இழுகயிறும் இல்லாவிட்டால் படுத்துவிடும், பாறைப் பூமிக்கு உதவாது. நேர்ச் சுவர் வைத்த வீடுபோன்றது மூன்றாவது. உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் மலைக் காற்றில் பாய்மரம்போல் அதிரும். எங்கள் தேவைக்கு முதலாவதும் மூன்றாவதும் கலந்த ஒரு தினுசு கிடைத்தது: சட்டி உருவந்தான், ஆனால் உயரம் 190 சென்டிமீட்டர், வாசல் அகலமும் உயரமும் உள்ளது, வாசலுக்கு முன் திண்ணைபோல் ஒரு மறைப்பு. கம்புகள் அலுமினியம். கண்ணாடி இழைக் கம்புகள் மலிவுதான். ஆனால் நாளடைவில் நார் பிளந்து கையில் சிலாம்பு ஏறும்.

குழந்தைகள் மறுபடியும் நீலம் கேட்டார்கள். வெளிர் மணல் நிறமே வாங்கினோம். கருநிறத் துணி நம் ஊர் வெயிலில் எட்டு மணிக்கே இட்லிப் பானையாகிவிடும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியைக் கூடாரத்துக்குள் போடச் சொன்னார். தலையைச் சற்றே குனிந்து வாசலைக் கடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, வெளியே வந்தார். மறுபடியும் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். மேல்துணி அப்போது போர்த்தப்படவில்லை. உள்கூட்டின் கூரை முழுவதும் கொசுவலை; அதன் வழியே கடையின் விட்டத்து விளக்குகள் தெரிந்தன. "மேல்துணியைப் பாதி சுருட்டிக் கட்டலாம், அம்மா. மழை வந்தால் கயிற்றை இழுத்து மூடிக்கொள்ளலாம்" என்றார் கடைக்காரர். அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

(வருஷத்துக்கு ஒரு தடவைதான் போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். முதியவர் இல்லாத இளந்தம்பதிகளுக்கு எங்கள் கூடாரம் வீண் சுமை. எடை 12 கிலோ.)

*

இந்தத் தடவை ஒத்திகை பார்க்காமல் கிளம்பவில்லை. மொட்டை மாடியில் அடித்துப் பார்த்தோம். சிமெண்டுத் தரையில் முளை இறங்காது. இழுகயிறுகளைத் தண்ணீர் நிறைத்த குடங்களில் கட்டினோம். முதல் நாள் நாற்பது நிமிஷம் ஆயிற்று; மூன்றாம் நாள் பதினைந்து. பிறகு தோட்டத்துக் குழாயை எடுத்து, பையன் ஆசைதீர அரைமணி நேரம் மழை பெய்வித்தான். உள்ளே உட்கார்ந்திருந்த பெண், வாசல் ஓரத்தில் ஒரு தையலில் துளிர்ப்பதைக் கண்டுபிடித்தாள். அதற்கென்று விற்கும் பசையைத் தடவினோம். இந்தக் கண்டுபிடிப்பை மலையில் செய்திருந்தால் என்னவாகியிருக்கும்!

2024-ஆம் ஆண்டு, தை அமாவாசைக்கு மறுநாள், சனிக்கிழமை. அம்மா வண்டியில் முன்னதாகவே போய் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதே தோட்டம். பெரியவர் எங்களைப் பார்த்ததும், "மேட்டுக்குத்தானே?" என்று சிரித்தார். மரங்களைவிட்டு விலகி, காலை வெயில் நேரே அடிக்காத பக்கமாக மேட்டில் அடித்தோம். இரவுச் சமையல் கூடாரத்துக்கு எட்டத்தில், காற்றுக்குக் கீழ்ப்பக்கம். இந்தத் துணி நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும். மேலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்போ கரிச்சட்டியோ வைத்தால் கண்ணுக்குத் தெரியாத விஷப்புகை தூங்குகிறவர்களை எழவிடாமல் செய்துவிடும். குளிருக்குக் கம்பளிதான் மருந்து.

எட்டு மணிக்கு மேல்துணியைப் பாதி சுருட்டிக் கட்டினோம். விளக்கை அணைத்தோம். நிலா இல்லை. சற்று நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எல்லாம் தெரிந்தது. அம்மா மல்லாந்து படுத்துக்கொண்டு, உச்சிக்குச் சற்று மேற்கே கையை நீட்டி, "அதோ கார்த்திகை. எத்தனை இருக்கிறது, எண்ணு" என்றார். பையன் ஆறு என்றான். பெண் ஏழு என்றாள். "ஆறுதான் என்று எங்கள் அப்பா சொல்லுவார். உன் கண் நல்ல கண்" என்றார். பிறகு தலைக்கு மேலேயே சிவப்பாக மின்னிய திருவாதிரையைக் காட்டினார். களத்துமேட்டில் கார்த்திகை சாய்வதை வைத்து எப்படிக் காவல் மாற்றுவார்கள், அவர் தகப்பனார் நரிக்குப் பயந்தவர்களை எப்படிக் கேலி செய்வார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். அவர் மட்டும் மெதுவான குரலில் இன்னும் கொஞ்சம் பேசினார்.

மூன்று மணிக்குப் பனி இறங்கியது. பாயில் ஈரம் படுவதற்குள் மேல்துணியை இழுத்து மூடினோம். அம்மா இரவில் இரண்டு முறை வெளியே போய்வந்தாராம். காலையில் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்த மறுநாள், பனியில் நனைந்த கூடாரத்தை மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தோம். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். மாலையில் மடித்து வைக்கலாமென்று மாடி ஏறினால், கூடாரம் நின்றுகொண்டிருந்தது. குடங்களில் கயிறு கட்டியிருந்தது. உள்ளே நாற்காலி போட்டுக்கொண்டு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே எதிர்வீட்டு ராணுவக்காரர் உட்கார்ந்து, கித்தானைப் பற்றித் தம் கட்சியை விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மடிக்கலாம்" என்றார் அம்மா.